தெரியாது என்றவருக்குக் கண்ணாடி

பொறாமைதான். அதற்கு நாகரிகமாக வேறு பெயர் வைத்துச் சொல்வானேன்? அந்த டாக்டரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டவராக இருந்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவரைப் பற்றி ஒரு குறை சொல்லலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குறையை அவரே ஊரறியச் சொல்லி முடித்திருப்பார். இப்படிப்பட்ட ஆளோடு எப்படித்தான் சண்டை போடுவது?

கொல்லிமலையில் ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் எலும்பு டாக்டர்கள். நான் மலையடிவாரம், சேந்தமங்கலத்துக்காரன். அவர் எனக்குப் பிறகு வந்தவர், திருநெல்வேலிப் பக்கம். மலையில் எலும்பு டாக்டருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் மிளகு பறிப்பதைப் பார்த்ததில்லை. சில்வர் ஓக் மரத்தில் உச்சி வரைக்கும் கொடி ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலைச் சாத்தி, கணுவை மிதித்து ஏறி, தோளில் சாக்கை மாட்டிக்கொண்டு பறிக்க வேண்டும். பனியில் மூங்கில் வழுக்கும். மிளகுக் காலம் வந்துவிட்டால் யாராவது விழுந்துகொண்டே இருப்பார்கள். முதுகெலும்பு உடைந்தவரை வண்டியில் போட்டு அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் உருட்டிக் கீழே கொண்டுபோவதற்குள் இருக்கிற உணர்ச்சியும் காலில் போய்விடும். அதனால்தான் டிரஸ்ட்காரர்கள் ஆபரேஷன் தியேட்டரையும் ஸ்கேனையும் மலை மேலேயே வைத்தார்கள்.

அவர் வந்து சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்குள் வந்தார். டிரஸ்ட் செயலாளர், நர்சுகள், நான் என்று ஒரு கூட்டமே வரவேற்க நின்றோம். வணக்கம் சொன்ன கையோடு, "வார வழியெல்லாம் வாந்தி சார். பக்கத்துல இருந்த அக்கா சேலையிலயும் பட்டுட்டு. பாவம், அவங்கதான் எனக்குத் தண்ணி தந்தாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நர்ஸ் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் அவர் அந்த ஆஸ்பத்திரியின் வீட்டுப் பெண்ணாகிவிட்டார்.

நானும்தான் முதல் முறை மலையேறும்போது வாந்தி எடுத்தேன். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு மலையேறினால் வாந்தி வருகிறது என்று வெளியில் சொன்னால் என்ன மரியாதை இருக்கும்? இயற்கைக் காட்சி பார்க்கிறவன் மாதிரி வண்டியை நிறுத்தி இறங்கி, புதர் மறைவில் காரியத்தை முடித்துவிட்டு வந்தேன். எனக்கு யார் எலுமிச்சம்பழம் தருவார்கள்?

ஆள் குள்ளம். ஆபரேஷன் செய்யும்போது ஒரு மர முக்காலி மேல் ஏறி நிற்பார். டீயை ஆற வைத்து, ஆடை படிந்த பிறகுதான் குடிப்பார். "தெரியலியே" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறவர்கள் சொல்கிற மாதிரி இல்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவர்கள் முகம் எப்படி இருக்கும், அந்த முகத்தோடு சொல்வார். சொல்லிவிட்டுத் தேடத் தொடங்கிவிடுவார். நோயாளி முன்னால், நர்ஸ் முன்னால், ஏன், காண்டீன்காரர் முன்னால் கூடச் சொல்வார். டாக்டர் இப்படிச் சொன்னால் ஜனங்கள் மதிப்பார்களா என்று ஒருநாள் கேட்டேன். "மதிக்காம போனா என்ன செய்ய சார்? தெரியலியே" என்று அதற்கும் அதையே சொன்னார்.

கண்ணாடி வந்த கதைக்கு வருகிறேன். ஒரு கம்பெனிக்காரர்கள் அதைச் சோதனைக்காக எங்களிடம் கொடுத்தார்கள். பெட்டியின் மேல் 'மிக்ஸட் ரியாலிட்டி' என்று பெரிதாக எழுதியிருந்தது. நாங்கள் கண்ணாடி என்றே சொன்னோம். தலையில் மாட்டிக்கொண்டால் எதிரில் இருப்பதும் தெரியும், இல்லாததும் தெரியும். ஸ்கேனில் எடுத்த எலும்பின் படத்தை, படுத்திருப்பவரின் முதுகு மேலேயே, உள்ளே அது எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் கொண்டுவந்து காட்டும். ஊசி எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று ஒரு பச்சைக் கோடும் தெரியும். முதுகைக் கிழித்துத் திறக்க வேண்டியதில்லை. விரல் நுழையாத நாலு துளைகள் வழியாக ஸ்குரூ போட்டு முடித்துவிடலாம். மூன்றாம் நாள் ஆளை எழுப்பி உட்கார வைக்கலாம். எந்த எலும்பு டாக்டருக்குத்தான் ஆசை வராது?

இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. சோதனை முடிந்ததும் அதை வைத்து ஆபரேஷன் செய்ய ஒருவர் மலையில் இருப்பார், மற்றவர் சேந்தமங்கலத்தில் டிரஸ்ட் நடத்தும் கிளினிக்குக்குப் போய் முழங்கால் வலி பார்ப்பார் என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று. மலைக்கு முதலில் வந்தவன் நான். அந்தக் கண்ணாடி எனக்குத்தான் என்று மனசுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

செயலாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "இதைப் பத்தி உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார். நான் விடுவேனா? தெரியும் சார், எல்லாம் படித்திருக்கிறேன், பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன் என்று கால் மணி நேரம் பேசினேன். டாக்டரம்மா முறை வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். மாட்டுனா தலை சுத்தும்னு மட்டும் கேள்விப்பட்டிருக்கேன்" என்றார். செயலாளர் தலையை ஆட்டிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? தெரியாதவரைப் பயிற்சிக்குக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். தெரிந்தவருக்கு எதற்குப் பயிற்சி? பயிற்சி முடித்தவர்தான் கண்ணாடியை வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்பது கம்பெனியின் சட்டம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு நான்தான் நுணல்.

அவர் திரும்பி வந்து செய்த முதல் வேலை எனக்கு அறவே பிடிக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தக் கண்ணாடியை நோயாளி தலையிலேயே மாட்டிவிட்டார். இடுப்பு உடைந்த பெரியவர் ஒருவர். தன் இடுப்பெலும்பு கட்டிலுக்கு மேல் மிதப்பதைப் பார்த்துவிட்டு, கையை நீட்டித் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, இது என்னுதுங்களா?"

"உங்களுதுதான் ஐயா. இந்தா, இங்கதான் விரிசல் விட்டிருக்கு. இதுலதான் நாளைக்கு ஸ்குரூ போடப்போறேன்."

"செத்தாத்தான் எலும்பு வெளிய தெரியும்னு நெனச்சனுங்க. உசுரோட இருக்கறப்பவே பாத்துப்புட்டேன்!"

வார்டே சிரித்தது. அப்புறம் பக்கத்துக் கட்டில்காரர், அவர் மனைவி, தண்ணீர் கொண்டுவந்த அம்மா என்று எல்லோருக்கும் மாட்டிக் காட்டினார். பேட்டரி வீணாகிறது மேடம் என்றேன். "அவங்க எலும்பு சார். நாம மட்டும் பாத்தா எப்படி?" என்றார். கண்ணாடி பார்ப்பதற்கென்றே மலைக்கு அந்தப் பக்க அடிவாரம், புளியஞ்சோலைப் பக்கமிருந்து கூட ஆள் வந்தார்கள். எனக்கு ஒரு தடவை மாட்டிவிட்டார். அந்தப் படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றி வந்து பார்த்தேன். அவ்வளவு அழகு. கழற்றிக் கொடுக்க மனமே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் அவர் போட்ட ஸ்குரூ துளி நீளமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் நாங்கள் பார்த்தோம். தொந்தரவு தராது, யாருக்கும் தெரியப் போவதும் இல்லை. இவர் மறுநாள் அந்தப் பெண்ணின் கட்டிலில் போய் உட்கார்ந்து, "இத நான் கொஞ்சம் நீளமாப் போட்டுட்டேன். ஒண்ணும் செய்யாது. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்லா? குத்துச்சுன்னா வாங்க, எடுத்துருதேன்" என்றார். போச்சு, கத்தப் போகிறாள் என்று நான் வாசலில் நின்று காத்திருந்தேன். அவளோ, "அதுக்கென்னங்க, பரவால்லீங்க கண்ணு" என்று இவரைத் தேற்றினாள். அடுத்த வாரம் ஒரு முழுப் பலாப்பழம் வந்து இறங்கியது. என் ஸ்குரூக்களை யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம், மயிரிழை பிசகாது. எனக்கு ஒரு சுளை கூட வந்ததில்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்தால் நான் கீழே இறங்க வேண்டியதுதான் என்று நினைத்திருந்தபோது மலையிலேயே திண்ணனூர் நாடு என்கிற பகுதியிலிருந்து அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிளகு பறித்தவர், மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒன்று நொறுங்கியிருந்தது. நல்லவேளையாகக் கால்களில் உணர்ச்சி இருந்தது. உறுதியாக ஸ்குரூ போட்டுப் பிடித்துவிட்டால் நடப்பார். தப்பினால் நடக்க மாட்டார். அவர் மனைவிக்கு முப்பது வயது கூட இருக்காது. "நடப்பாருங்களா?" என்பதைத் தவிர அந்தப் பெண் வேறு எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடி வேலை செய்யும் விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. ஸ்கேன் எடுப்பதற்கு முன் முதுகில் கட்டம் போட்ட ஓர் ஒட்டுத்தாளை ஒட்டுவோம். ஸ்கேன் படத்தில் அது பதியும். மறுநாள் தியேட்டரில் கண்ணாடி அந்தத் தாளைத் தேடி, அதை அடையாளம் வைத்துக்கொண்டுதான் எலும்பின் படத்தை முதுகில் உட்கார வைக்கும். ஆகவே தாள் நகரக்கூடாது. டாக்டரம்மா அந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது விழுந்துரக் கூடாது கேட்டியளா, பத்திரமாப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஆபரேஷன். அவர் முக்காலி மேல் நிற்கிறார், எதிரில் நான் உதவிக்கு. கண்ணாடி வழியாக அவர் பார்ப்பது பக்கத்துத் திரையில் எங்களுக்கும் தெரியும். படம் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. தாளின் கட்டங்கள் எல்லாம் பொருந்திவிட்டன, போகலாம் என்று கண்ணாடியும் பச்சை காட்டியது. அவர் ஒரு ஊசியை இறக்கினார். இரண்டாவதையும் இறக்கினார். கையை எடுத்தார். இடுப்பெலும்பின் மேட்டை விரலால் தடவி, அங்கிருந்து மேலே முதுகெலும்பின் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுக்கொண்டு வந்தார்.

"சார், எனக்கு இது சரியாத் தெரியலியே."

"படம் பொருந்தித்தானே இருக்குது மேடம்? போலாங்க" என்றேன். என் கையில் அந்த வேலை இருந்திருந்தால் போயிருப்பேன்.

அவர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் உடைந்த எலும்புக்கு வைக்க வேண்டிய ஊசிகள் ஒரு எலும்பு தள்ளி, அதற்கு மேலே இருந்த எலும்பில் நின்றன. எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டே சரியான இடத்தில் முடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். "முடிக்கலாம் சார். ஆனா எப்படித் தப்புச்சுன்னு எனக்குத் தெரியல. தெரியாம இனி கை வைக்க மாட்டேன்" என்றார். ஊசிகளை எடுத்து, துளைகளுக்குத் தையல் போட்டு, ஆளை வார்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

பிறகு வெளியே வந்தார். நானும் பின்னாலேயே வந்தேன். இதைப் பார்க்காமல் விடுவேனா? மனைவியும் அவள் அண்ணனும் எழுந்து நின்றார்கள்.

"ஆபரேஷன் பண்ணல. ரெண்டு ஊசியத் தப்பான எலும்புல வச்சுட்டேன். உடனே எடுத்துட்டேன், அதனால காலுக்கு ஒண்ணும் ஆகல. எப்படித் தப்புச்சுன்னுதான் பாக்கணும். அந்தத் தாள் அசங்குச்சா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நாந்தாங்க! கத்தி படப்போற ஒடம்ப அழுக்கோட எப்படிங்க அனுப்பறது? வெடியால நேரத்துல எந்திரிச்சு சுடுதண்ணி வெச்சு முதுகத் தொடச்சு, சாமி கும்புட்டு திருநீறு பூசினேனுங்க. அப்ப அது கழண்டுக்கிச்சு. விழுகக் கூடாதுன்னு சொன்னீங்களேன்னு, ஈரமில்லாத எடமாப் பாத்து, நல்லா நேரா ஒட்டிப்புட்டேனுங்க!"

நேராக மட்டுமா, அழகாகவும் ஒட்டியிருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை. மூன்று விரல்கடை மேலே.

பழி போட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நானாக இருந்தால் நர்சைக் கூப்பிட்டுச் சாட்சி வைத்திருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "விழக் கூடாதுன்னு மட்டும் சொன்னேன். விழுந்தா வந்து சொல்லுங்கன்னு சொல்லலியே. அது என் தப்பு. நீங்க அழாதீங்க."

அண்ணன்காரன் விடவில்லை. "ஊசி குத்திப் பழகறதுக்கு நாங்கதான் கெடச்சமா?" என்று சத்தம் போட்டான். ஜனம் கூடிவிட்டது. இவர் கைகட்டி நின்று அத்தனையும் கேட்டுக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் எங்கேயோ தவில் வாசித்தது. பலாப்பழம் கொடுத்தவர்கள் இப்போது பேசட்டும்!

மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். கண் சிவந்திருந்தது. "சார், செயலாளர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு மறுபடி ஸ்கேன் எடுத்து நீங்க ஆபரேஷன் பண்ணுங்க. பயிற்சிக்கு உங்கள அனுப்பற வரைக்கும் எக்ஸ்ரே போதும். கண்ணாடியும் இனி உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கிளினிக்குக்குப் போறேன். என்னைவிட உங்க கை நல்ல கை சார், இத நான் மொதல்லயே அவர்கிட்ட சொல்லியிருக்கேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அதுவும் அவரே நழுவ விட்டார், பாலையும் அவரே காய்ச்சி வைத்திருக்கிறார். என்னைப் பற்றி இவர் செயலாளரிடம் நல்லதாகச் சொல்லியிருக்கிறார் என்பதைக் கேட்டு நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் ஒரு நாளாவது அவரைப் பற்றி அப்படிச் சொல்லியிருப்பேனா? சரி, எப்படி வந்தால் என்ன, வந்ததே போதும் என்று சட்டையைச் சரி செய்துகொண்டு வார்டுக்குப் போனேன்.

நோயாளி கண்ணை மூடிப் படுத்திருந்தார். மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னலோரம் நின்றான். நாளைக்கு நான்தான் ஆபரேஷன் செய்கிறேன், இனி ஒரு பயமும் வேண்டாம் என்று சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, நீங்க இதுக்கு முன்னால யாருக்காச்சும் தப்பாப் பண்ணியிருக்கீங்களா?"

"ஒருத்தருக்குக் கூட இல்லைங்க" என்றேன். எப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். காலையில் அத்தனை சத்தம் போட்டவன் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"ஆனைக்கும் அடி சறுக்கும்பாங்க" என்றாள் அவள். "அந்தம்மாவுக்குக் காலையில சறுக்கிருச்சு. சறுக்குனதும் நின்னுட்டாங்க, எங்ககிட்ட வந்து சொல்லிட்டாங்க. உங்களுக்கு இன்னும் சறுக்கவே இல்லீங்கறீங்க. அது எங்கூட்டுக்காரரு முதுகுலதான் சறுக்கோணுங்களா? அந்தம்மாவே பண்ணட்டுங்க."

அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று தவிக்க வேண்டாம், நன்றாகவே நடக்கிறார். நான் இப்போது சேந்தமங்கலம் கிளினிக்கில்தான் இருக்கிறேன், சந்தைக்கு மிளகு மூட்டையோடு வரும்போது அவரைப் பார்க்கிறேன். ஆனால் அன்றைக்கு வார்டிலிருந்து திரும்பி நடந்தது எனக்கு மலையேறியதைவிடப் பெரிய தூரம். டாக்டரம்மா கண்ணாடிப் பெட்டியை எனக்காகத் துடைத்து மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டு நின்றிருந்தார்.

"சம்மதிச்சாங்களா சார்?" என்று ஓடி வந்து கேட்டார். எனக்காக அந்த முகத்தில் அவ்வளவு ஆசை.

"உங்களைத்தான் பண்ணச் சொல்றாங்க மேடம்" என்று நானே என் வாயால் சொன்னேன். அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அது வேறு அழுகை.